மன்னவனூர் மேட்டில் ஒரு கரி எரிப்பு

இந்த ஊரில் நல்ல டீ கிடைக்காது. அது டீக்கடைக்காரரின் குற்றமில்லை. இவ்வளவு உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரியைத் தொடுவதற்கு முன்பே கொதித்துவிடும். இலையில் இருப்பது முழுதாக இறங்காது. சூடும் அதிகம் இருக்காது. நீங்கள் ஊதி ஊதிக் குடிக்கிறீர்கள், ஊத வேண்டிய அவசியமே இல்லை. சொன்னால் சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தவர்களோடுதான் என் வேலை நாட்களெல்லாம் போயிருக்கின்றன.

என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பழனியில் காலைப் பேருந்து ஏறி நானே வந்தேன். என் பெயர் சுவாமிநாதன், வேதியியலில் முனைவர். போன மார்ச்சில் மன்னவனூருக்கு மேலே புல்மேட்டில் ஒரு வேன் எரிந்து, அதன் ஓட்டுநர் சிவமுருகன் இறந்தான். பீடி நெருப்பு என்று எழுதி வழக்கை மூடிவிட்டீர்கள். பீடி என்று சொன்னது நான்தான். அவன் பீடி குடிப்பானா என்று ஊரில் யாராவது ஒருவரிடம் கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை. படித்தவர் சொல்கிறார், சட்டையில் கரிகூட ஒட்டவில்லை, பொய்யா சொல்லப்போகிறார் என்று இருந்துவிட்டீர்கள். இன்ஸ்பெக்டர் ஞானவேல், உங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் வேலை எவ்வளவு சுலபம் என்று பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

அந்த வேன் எதற்காக ஓடிக்கொண்டிருந்தது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். எளிமையாகச் சொல்கிறேன். எங்கள் நிறுவன இயக்குநர்களுக்கும் நான் இப்படித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

டீசல் வண்டியின் புகையில் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. இப்போது வரும் வண்டிகளில் புகைக்குழாயில் யூரியாக் கரைசலைத் தெளிக்கிறார்கள். அது சூட்டில் அம்மோனியா ஆகிறது. அடுத்து ஒரு தகர டப்பா. அதற்குள் தேன்கூடு மாதிரி துளைகள் உள்ள பீங்கான் கட்டி. துளைகளின் சுவரில் சியோலைட் என்ற நுண்துளைப் பொருள், அதன் பொந்துகளுக்குள் ஒவ்வொன்றாக உட்கார்ந்திருக்கும் செம்பு அணுக்கள். அந்தச் செம்புதான் அம்மோனியாவையும் நச்சையும் சேர்த்துவைத்து, வெறும் நைட்ரஜனும் தண்ணீருமாக வெளியே அனுப்புகிறது. இதுதான் வினையூக்கி. வினையூக்கிக்கு இரண்டு எதிரிகள், சூடும் நீராவியும். தனித்தனியாக வந்தால் சமாளிக்கும். சேர்ந்து வந்தால் சியோலைட்டின் சுவரிலிருந்து அலுமினியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிவிடும். சுவர் போனால் செம்புக்கு இடமில்லை. இடமிழந்த செம்பு ஒன்றோடொன்று திரண்டு கட்டி தட்டிவிடும். பிறகு அது வேலை செய்யாது, போகிற அம்மோனியாவையும் சும்மா எரித்துத் தள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. தூக்கிப் பார்த்தால் அதே எடைதான் இருக்கும்.

டீசல் புகையில் நீராவி எப்போதும் உண்டு. பெரிய சூடு எப்போதாவதுதான் வரும். டப்பாவுக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியில் கரி சேர்ந்துவிட்டால், வண்டியே கூடுதல் டீசலை விட்டு அந்தக் கரியை எரிக்கும். அதைக் கரி எரிப்பு என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் சொல்வோம். அந்த நேரத்தில் புகைக்குழாய் பழுக்கக் காயும். மலைப்பாதையில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வருவதால் கரியும் அதிகம், எரிப்பும் அதிகம். மலைக்கு ஓடும் வண்டிகளில் வினையூக்கி சீக்கிரம் செத்துப்போகிறது என்று எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்தபோது நான் ஒரு கலவை செய்தேன். எவ்வளவு சூடும் நீராவியும் பட்டாலும் செம்பு இடம் மாறாத கலவை. அதைச் செய்தது நான் ஒருவன். இந்தக் குழு, அந்தக் குழு என்று நிறுவனம் பிறகு போட்டுக்கொண்ட பெயர்களெல்லாம் மேசைக்கு நாற்காலி போட்டவர்களின் பெயர்கள்.

எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக மலைக்கோயில் பணியில் இருந்தது. என் அப்பா வாழ்நாள் முழுக்கப் படியேறி இறங்கியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அதில் அவருக்கு ஒரு நிறைவு வேறு. அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவன் உலகமே தேடிக்கொண்டிருந்த ஒன்றைக் கண்டுபிடித்தான் என்றால் அதைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்க வேண்டும். பார்க்கவில்லை.

எனக்குக் கீழே தேவசேனா என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். ஆயக்குடிக்காரி, கொய்யாத் தோப்புக்காரர்களின் மகள். வாங்கிய பட்டத்தைவிடத் தன்மேல் கொஞ்சம் அதிகமாக நம்பிக்கை. என் கலவையை உலையில் வைத்து, நீராவியை ஓடவிட்டு, பல மணி நேரம் சூடேற்றிச் சோதிப்பது அவள் வேலை. ஒருநாள் வந்து நின்றாள். "சார், எண்ணூறு டிகிரிக்கு மேல போனா செம்பு திரள ஆரம்பிச்சுடுது சார்" என்றாள். உலையின் வெப்பமானியைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு மறுபடி வந்தாள். நீராவியின் அளவைப் பார்க்கச் சொன்னேன். அதையும் பார்த்துவிட்டு வந்தாள். உலையைக் கழுவி முதலிலிருந்து செய் என்றேன். செய்தாள். அதே முடிவு. குரலை உயர்த்தாமல், கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதையே சொன்னாள். சிலருக்குத் தவறைக்கூடப் பணிவாகத் திரும்பத் திரும்பச் செய்யத் தெரிகிறது.

உலை வேறு, சாலை வேறு என்று இயக்குநர்களிடம் சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள். ஒரு வேனில் என் வினையூக்கியைப் பொருத்தி, பழனியிலிருந்து கொடைக்கானல், அங்கிருந்து மன்னவனூர், திரும்பக் கீழே என்று ஒரு வருடம் ஓட்டுவது. முடிவில் டப்பாவைக் கழற்றி, அறுத்து, தேவசேனாவிடம் கொடுப்பது. அவளிடமே கொடுப்பது என்று நான்தான் ஒப்புக்கொண்டேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

ஓட்டுவதற்குச் சிவமுருகன் வந்தான். சொந்த ஊர் மன்னவனூர், பூண்டு போடும் குடும்பம். மனைவி மகாதேவி. வேறு விசேஷம் எதுவும் இல்லை. ஓயாமல் பேசுவான். கேரட் மூட்டையோடு ஏற்றத்தில் நடக்கிற பொம்பளைகளைக் கண்டால் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்வான். சோதனை வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று பலமுறை சொன்னேன். "நடந்தா பொழுது சாஞ்சிரும் சார், பாவம்ங்க" என்பான். அவர்களின் எடை என் கணக்கைக் கெடுக்கும் என்பது அவன் மண்டையில் ஏறாது. சாலையில் மாடு நின்றால் இறங்கிப்போய்ப் பேசுவான். ஆனாலும் வண்டிக்கு அடியில் இருக்கும் அந்த டப்பா விலைமதிப்பில்லாதது, உன்னையும் என்னையும்விட முக்கியமானது என்று நான் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டான். ஊரில் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். மேடுபள்ளத்தில் இடிபடாமல் இறங்கிப் பார்த்துப் பார்த்து ஓட்டுவான்.

பனிக்காலம் முடிகிற சமயம் ஒருநாள், வண்டிக்குப் பின்னால் நின்றால் கண் எரிகிறது, ஒரு வாடை வருகிறது என்றான். உன் சோலியைப் பார் என்றேன். அவன் போனபிறகு மடிக்கணினியை வண்டியில் மாட்டி, புகையில் உள்ள நச்சின் அளவைப் பார்த்தேன். பிறகு ஒவ்வொரு வாரமும் பார்த்தேன். ஏறிக்கொண்டே போனது. நச்சை அளக்கும் உணரியில் கோளாறு இருக்கலாம். அவன் யூரியாவில் தண்ணீர் கலந்திருக்கலாம். எங்கேயோ மட்டமான டீசல் போட்டிருக்கலாம். காரணங்களுக்குக் குறைவில்லை. ஆனால் தேவசேனா இதையெல்லாம் யோசிக்க மாட்டாள். அவளுக்குக் கட்டியில் திரண்ட செம்பு தெரியும், என் கலவை தோற்றது என்று எழுதுவாள். நல்ல பொருளைத் தவறாகப் படிக்கப்போகிறார்கள். அது என்னால் பொறுக்க முடியாத விஷயம்.

டப்பாவைக் கழற்ற வேண்டிய நாள் நெருங்கியது. காணாமல் போனால் சந்தேகம் வரும். உடைந்தால் துண்டுகளைச் சோதிப்பார்கள். அப்போதுதான் மிகச் சாதாரணமான ஒன்று எனக்குத் தோன்றியது. ஒரு வினையூக்கியைச் சூடும் நீராவியும்தான் கெடுக்கின்றன. தீயும் தண்ணீரும் பட்ட வண்டியில் அவை இரண்டுமே கிடைத்துவிடும். எது சாலையில் கெட்டது, எது தீயில் கெட்டது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. முடிவு செய்ய இயலாது என்று எழுதிவிட்டு வேறொரு டப்பாவைப் பொருத்தி மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். எனக்கு இன்னொரு வருடம் கிடைக்கும்.

மார்ச்சில் மன்னவனூர் மேட்டுப் புல் எப்படிக் காய்ந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சுற்றுலா வருகிறவர்கள் அதன் நடுவில் நின்று கையை விரித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். அன்றைக்கு மதியம் சாலையை விட்டு இறக்கி அந்தப் புல்லுக்குள் நிறுத்தச் சொன்னேன். சிவமுருகன் தயங்கினான். புகைக்குழாய் சூடாகக் காய்ந்து கிடக்கிறதே, புல்லில் நிறுத்தலாமா என்றான். அளவு எடுக்கச் சமதளம் வேண்டும் என்றேன். வீட்டுக்குப் போய் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வா என்று அனுப்பினேன். இதைக் கவனமாக எழுதுங்கள். அவனை நான் அனுப்பினேன். அந்த நேரத்தில் அவன் சாவு என் திட்டத்தில் இல்லை.

எஞ்சினை ஓடவிட்டு, மடிக்கணினியிலிருந்து கட்டாயக் கரி எரிப்பைத் தொடங்கினேன். காய்ந்த புல்லின் மேல் இதைச் செய்யாதே என்று வண்டியோடு வரும் புத்தகத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். எஞ்சின் தானாக உறுமத் தொடங்கியது. கணினியைப் பையில் வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்தேன். முதலில் புகை. பிறகு வண்டிக்கு அடியில் புல் சத்தமில்லாமல் மஞ்சளாகப் பிடித்தது. காற்று மேல் நோக்கி அடித்தது. எல்லாம் சரியாகவே போய்க்கொண்டிருந்தது.

சிவமுருகன் சீக்கிரம் திரும்பிவிட்டான். வீட்டில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. நான் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பேன் என்று மகாதேவி எனக்கும் சேர்த்துச் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறாள். தூக்குச்சட்டியோடு சரிவில் வந்தவன் தீயைப் பார்த்தான். சட்டியை ஒழுங்காக ஒரு கல்மேல் வைத்துவிட்டு ஓடினான். மேட்டுக்குக் கீழே பூண்டு வயலுக்குத் தண்ணீர் எடுக்கும் குழி ஒன்று இருக்கிறது. அங்கே கிடந்த குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து தீயின் ஓரத்தில் ஊற்றினான். தழை ஒடித்து அடித்தான். மறுபடி ஓடினான். வண்டியை அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"வண்டி போனாப் போகுது சார்" என்றான் மூச்சு வாங்க. "மேல சோலைக்காட்டுக்குள்ள புகுந்துச்சுன்னா நிக்காது. நீங்களும் ஒரு கொப்ப ஒடிங்க. வெரசா."

அவன் என்னிடம் வேலை சொன்ன ஒரே சந்தர்ப்பம் அது.

தீ இருந்தது. தண்ணீர் தவறான இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. டப்பா செக்கச்செவேல் என்று காய்ந்திருந்தது, அதன்மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை. நான் எழுந்து போய், புல்லை விடு, வண்டிக்கு அடியில் போய் அந்த டப்பாமேல் ஊற்று என்றேன்.

அவன் குடத்தோடு நின்றான். "டேங்கு பக்கத்துலயே கெடக்குங்க சார்" என்றான்.

அந்த வண்டியின் டீசல் தொட்டி பிளாஸ்டிக். அடியில் தீ பிடித்தால் முதலில் இளகுவது அதுதான். அதற்குள் இளகத் தொடங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதன் உருகுநிலையை இப்போது கேட்டாலும் சொல்வேன்.

"ஒண்ணும் ஆகாது. எனக்குத் தெரியாததா உனக்குத் தெரியப் போகுது" என்றேன்.

அவன் என் முகத்தை ஒருமுறை பார்த்தான். குனிந்து, குடத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, வண்டிக்கு அடியில் போனான். தண்ணீர் டப்பாவில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. வெள்ளையாக நீராவி எழுந்தது. சரியான இடத்தில்தான் ஊற்றியிருந்தான். அதற்கடுத்துத் தொட்டி கிழிந்தது.

உங்கள் ஆட்களும் தீயணைப்பு வண்டியும் வர நேரம் பிடித்தது. ஊர்க்காரர்கள் கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார்கள். நான் பாறையில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தேன். சோறும் பூண்டுக் குழம்பும். சாப்பிட்டேன். முகம் சுளிக்காதீர்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, எப்படியும் அது எனக்காகக் கட்டிய சோறு.

பிறகு நீங்கள் கேட்டீர்கள். எஞ்சின் அணைந்திருந்தது, அவன் பீடி பற்றவைத்துக் குச்சியைப் போட்டான், தீ பிடித்ததும் வண்டியைக் காப்பாற்றப் போனான் என்றேன். சாவு வீட்டுக்குப் போயிருந்தேன், நிறுவனத்தின் சார்பில் யாராவது போக வேண்டும் அல்லவா. பீடி என்று நான் சொன்னதை ஊரே கேள்விப்பட்டிருந்தது. யாரும் என் முகத்துக்கு நேராக ஒன்றும் கேட்கவில்லை. மகாதேவி மட்டும், அழுது முடித்த குரலில், "வண்டிக்காக அவரு உள்ள போயிருக்க மாட்டாருங்க. யாராச்சும் போகச் சொல்லியிருந்தா போயிருப்பாரு" என்றாள். உங்களுக்கு எட்டாதது அவளுக்கு எட்டியது. ஆனால் அவள் சொல்வதை எழுதிக்கொள்ள யாரும் அங்கே இல்லை.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவிடவில்லை தேவசேனா.

எரிந்த டப்பாவைக் கேட்டு வாங்கிப்போனாள். கட்டியை அறுத்தாள். போன மாதம் என் அறைக்கு வந்து, வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "சார், தீ வெளியில இருந்துதானே உள்ள போகும்? வெளிப்பக்கம் அதிகமாவும் நடுவுல கம்மியாவும் கெட்டிருக்கணும். இதுல ஓரத்துலயும் நடுவுலயும் ஒரே மாதிரி செம்பு திரண்டிருக்கு. எஞ்சின் ஆஃப்ல இருந்துச்சுன்னா, இது தீயில கெட்டது இல்ல சார். முன்னாடியே கெட்டுப்போனது" என்றாள்.

அவள் போகாமல் நின்றாள். சிவமுருகன் அண்ணன் எங்கள் தோப்புக்குக் கொய்யா வாங்க வரும்போதெல்லாம் எங்கள் அப்பாவோடு பேசிக்கொண்டிருப்பார், பீடி நாற்றமே அவருக்கு ஆகாது சார் என்றாள். என்னைக் குற்றம் சாட்டவில்லை, சும்மா சொன்னாள். அவள் அறிக்கையை இயக்குநர்கள் படித்தார்கள். என் கலவை தோல்வி என்று தீர்மானித்து, எடுத்துக் கட்டிவைத்துவிட்டார்கள். நாளைக்கு அவள் இதைக் கட்டுரையாக எழுதுவாள். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒருவன் என் பெயரைத் தேடினால், முதலில் அந்தக் கட்டுரைதான் வரும்.

அதனால்தான் இன்றைக்கு வந்தேன். அவள் கணக்கு முழுவதும் ஒரே ஒரு பொய்யின்மேல் நிற்கிறது. எஞ்சின் அணைந்திருந்தது என்ற என் பொய். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கட்டாயக் கரி எரிப்பு நடந்துகொண்டிருந்தது. கொதிக்கிற புகை துளைகளின் வழியாக, நடுவிலும் ஓரத்திலும் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் என் சொல்லைக் கேட்டு அவன் தண்ணீர் ஊற்றினான். அப்படியென்றால் அந்தக் கட்டி சாலையில் கெடவில்லை, நான் மூட்டிய சூட்டில் கெட்டது. அவள் அறிக்கை செல்லாது. இதை நிரூபிக்க எனக்கிருந்த ஒரே வழி உண்மையைச் சொல்வது. சொல்லிவிட்டேன். தீயை வைத்தவன் நான். தொட்டி கிழியும் என்று தெரிந்தே சிவமுருகனை அதனடியில் அனுப்பியவன் நான். இதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், மறுப்பில்லை. இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று மட்டும் எங்கள் நிறுவனத்துக்குப் போக வேண்டும். தேவசேனாவின் பார்வைக்கு என்று மேலே எழுதுங்கள்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்.

கேட்கிறது. இன்னொருமுறை கேட்க வேண்டியதில்லை. தீ வைக்கிறவரை அந்தச் சாமான் நன்றாகத்தான் இருந்தது என்றால், அதை ஏன் எரிக்க வேண்டும் என்கிறீர்கள். ஒரு காவல் நிலையத்தில் என்னிடம் இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. நியாயமான கேள்வி போலத் தோன்றும், ஆனால் கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது. என்ன பிழை என்று சொல்கிறேன். கொஞ்ச நேரம் கொடுங்கள், யோசித்துச் சொல்கிறேன்.